11-ஆவது வாரத்தில் வந்த காய்ச்சல் ஜிகாவா?

கேள்வி: எனக்கு வயது 27. புனேயில் வசிக்கிறேன். முதல் கர்ப்பம், இப்போது 14 வாரம். 11-ஆவது வாரத்தில் மூன்று நாட்கள் லேசான காய்ச்சல், உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு, கண்ணில் சிவப்பு. பாராசிட்டமாலில் சரியாகிவிட்டது. சென்ற வாரம் எங்கள் குடியிருப்பில் ஒரு கர்ப்பிணிக்கு ஜிகா என்று உறுதியானது. குழந்தை தலை சிறுத்துப் பிறக்கும், இப்போதே கலைத்துவிடலாம் என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: அவசரப்பட்டு எதையும் செய்யாதீர்கள். உங்களுக்கு வந்தது ஜிகாதானா என்பதே இன்னும் தெரியாது. டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா மூன்றையும் பரப்புவது ஏடிஸ் கொசுதான். காய்ச்சலும் தடிப்பும் மூன்றிலும் வரும். ஆனாலும் உங்கள் சந்தேகம் நியாயமானது. 2024-இல் புனேயில் ஜிகா கண்டறியப்பட்டவர்களில் கர்ப்பிணிகள் பலர் இருந்தார்கள்.

நாளையே இரத்தமும் சிறுநீரும் கொடுத்துப் பரிசோதியுங்கள். பொதுவாக வைரஸ் இரத்தத்தில் ஒரு வாரமும் சிறுநீரில் இரண்டு வாரமும் தென்படும். கர்ப்பிணிகளிடம் சில சமயம் அதைவிட நீண்ட நாள் தங்குவதுண்டு, அதனால்தான் இப்போதும் சொல்கிறேன். வைரஸ் இல்லை என்று வந்தால், தொற்றே வரவில்லை என்று பொருள் கொள்ள முடியாது. தொற்றை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிரணுக்களை (antibody) இரத்தத்தில் தேடும் பரிசோதனையும், முன்பு டெங்கு வந்திருந்தால் குழப்பும்.

ஜிகா என்றே உறுதியானாலும், அடுத்தது என்ன? 2015-இல் பிரேசிலின் வடகிழக்கில் தலை சிறுத்த குழந்தைகள் அடுத்தடுத்துப் பிறந்தபோதுதான் உலகம் இதைக் கவனித்தது. அந்தப் படங்களைத்தான் உங்கள் மாமியாரும் பார்த்திருப்பார். நஞ்சுக்கொடியைத் தாண்டும் வைரஸ், மூளைச் செல்களாக வளரவேண்டிய மூலச் செல்களையே அழிக்கிறது. மூளை வளராததால் மண்டையோடும் வளர்வதில்லை. ஆனால் தொற்று வந்த எல்லாத் தாய்மாருக்கும் இப்படி நேர்வதில்லை. அமெரிக்க ஆட்சிப் பகுதிகளில் திரட்டிய கணக்கில், முதல் மூன்று மாதத்தில் தொற்று உறுதியான தாய்மாரின் குழந்தைகளில் 100-க்கு ஏறத்தாழ 8 பேருக்குப் பாதிப்பு இருந்தது. எட்டு என்பது சிறிய எண் அல்ல. ஆனால் மற்ற 92 குழந்தைகளையும் உங்கள் மாமியாருக்குச் சொல்லுங்கள். 2021-இல் கேரளத்தில் முதலில் கண்டறியப்பட்டவரும் நிறைமாதக் கர்ப்பிணிதான். அவருக்கு நல்லபடியாகக் குழந்தை பிறந்தது.

இனி ஸ்கேன்தான் உங்களுக்கு வழிகாட்டி. 18 முதல் 20 வாரத்தில் உறுப்பு வளர்ச்சி ஸ்கேன், பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை. தலைச் சுற்றளவு, மூளையில் சுண்ணாம்புப் படிவு, மூளை அறைகளின் அளவு, கைகால் மூட்டுகளின் நிலை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். தலை சிறுத்திருப்பது 28 வாரம் வரை தெரியாமலும் இருக்கலாம். ஒரு ஸ்கேன் நன்றாக இருந்தது என்று விட்டுவிடாதீர்கள். கருவில் பெரிய குறைபாடு உறுதியானால், 24 வாரத்துக்குப் பிறகும் மருத்துவக் குழுவின் ஒப்புதலோடு முடிவெடுக்க நம் சட்டத்தில் இடமுண்டு. அந்த முடிவும் உங்களுடையது, மாமியாருடையது அல்ல.

பிறந்தவுடன் புருவத்துக்கு மேலாகவும் பின்மண்டை மேட்டைச் சுற்றியும் நாடாவைப் பிடித்து அளப்பார்கள். பிரசவத்தில் தலை நசுங்கி நீண்டிருக்கும், எனவே ஒரு நாள் கழித்து மறுபடியும் அளக்கச் சொல்லுங்கள். நிறைமாத ஆண் குழந்தைக்கு 31.9 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 31.5-க்கும் கீழே இருந்தால்தான் சிறுத்த தலை என்போம். அளவு சரியாக இருந்தாலும் கண்ணின் உட்பகுதியையும் காதையும் சோதிக்க வேண்டும். தலை சரியாகப் பிறந்து பின்னர் வளர்ச்சி நின்ற குழந்தைகளும் உண்டு. ஓயாத அழுகை, விறைத்த கைகால், பாலை விழுங்கத் திணறல், வலிப்பு, ஒளியைப் பார்க்காத கண் என்று எதைக் கண்டாலும் குழந்தை மருத்துவரிடம் ஓடுங்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் எந்தப் பரிசோதனையையும் தவறவிடாதீர்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

இன்னொன்று, பலரும் கேட்கக் கூச்சப்படுவது. ஜிகா உடலுறவாலும் பரவும். பிரசவம் வரை ஆணுறை அவசியம்; உங்கள் கணவருக்குக் காய்ச்சலே வராவிட்டாலும்தான். தொற்றியவர்களில் ஐந்தில் நால்வருக்கு அறிகுறியே இருக்காது. ஏடிஸ் பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில் முட்டையிடும். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் உள்ள தட்டை இன்றே இழுத்துப் பாருங்கள். தண்ணீர் தேங்கியிருந்தால் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள், வாரம் ஒருமுறை.