புகையிலிருந்து பிரித்து நிலத்தடியில் இருத்துதல்: கரியமில வாயு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அனல்மின் நிலையத்தின் புகையை அப்படியே குழாய்வழி நிலத்துக்குள் செலுத்திவிட்டால் என்ன? எதற்காகக் கரியமில வாயுவை மட்டும் தனியாகப் பிரிக்க வேண்டும்?

பதில்: நிலக்கரிப் புகையில் கரியமில வாயு ஏறத்தாழ 12 முதல் 15 விழுக்காடுதான், எரிவாயு டர்பைனின் புகையில் 4 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். மீதியில் பெரும்பங்கு, காற்றோடு உள்ளே வந்து எதிலும் கலவாமல் வெளியேறும் நைட்ரஜன். அத்தனையையும் அழுத்திச் செலுத்த முயன்றால், உற்பத்தியாகும் மின்சாரத்தின் பெரும்பகுதியை அழுத்திகளே விழுங்கிவிடும்.

கேள்வி: அப்படியானால் பிரிப்பது எப்படி, ஐயா? இது இன்னும் ஆய்வுக்கூட நிலையில்தான் இருக்கிறதா?

பதில்: இல்லை. வாயுக்களை அமீன் (அமோனியாவை ஒத்த, காரத்தன்மையுள்ள வேதிப்பொருள்) கரைசலால் தூய்மைப்படுத்தும் முறைக்கு 1930-லேயே காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டது. குளிர்விக்கப்பட்ட புகை உயரமான கோபுரம் ஒன்றின் அடியிலிருந்து மேலேறும். உச்சியிலிருந்து அமீன் கலந்த நீர், உள்ளே அடுக்கப்பட்ட நெளி தகடுகளின்மேல் மெல்லிய படலமாக வழிந்திறங்கும். 40 முதல் 60 டிகிரி செல்சியசில் இரண்டும் எதிரெதிரே சந்திக்கும்போது கரியமில வாயு அமீனோடு பிணைந்துகொள்ள, நைட்ரஜன் மேலே போய்விடுகிறது. அந்தக் கரைசலை இரண்டாம் கோபுரத்தில் ஏறத்தாழ 120 டிகிரிக்குச் சூடாக்கினால் பிணைப்பு விட்டு வாயு தனியே வரும். அமீன் மீண்டும் முதல் கோபுரத்துக்குத் திரும்பும்.

வேதியியல் இவ்வளவுதான். ஆனால் புகையில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜனும் கந்தக டை ஆக்சைடும் அமீனைச் சிதைக்கின்றன, நுண்சாம்பல் தகடுகளில் படிந்து அடைக்கிறது. பராமரிப்பில் இருப்பவர்களின் நேரம் பெரும்பாலும் இவற்றோடு போராடுவதிலேயே கழிகிறது.

கேள்வி: சூடாக்கும் வெப்பத்தை யார் தருகிறார்கள்?

பதில்: கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பழைய வகை அமீனில் ஒரு டன் வாயுவைப் பிரிக்க 3.5 முதல் 4 கிகா ஜூல் வெப்பம் வேண்டும். பொதுவாக அது டர்பைனுக்குப் போகவேண்டிய நீராவியிலிருந்தே எடுக்கப்படுகிறது. அழுத்திகளுக்கான மின்சாரத்தையும் சேர்த்தால் நிலையத்தின் உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்குவரை குறையும். நான்கில் ஒரு பங்கு என்றே வைத்துக்கொள்வோம்: அதே அளவு மின்சாரம் வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்கு நிலக்கரியைக் கூடுதலாக எரிக்க வேண்டும். ஆகவே "90 விழுக்காடு பிடிக்கிறோம்" என்னும் விளம்பரத்தைப் படிக்கும்போது, கூடுதலாக எரித்ததன் புகையையும் கணக்கில் சேர்த்தால் உண்மையில் தவிர்க்கப்படுவது 87 விழுக்காடு அளவே என்பதையும், கூடுதல் நிலக்கரியை வெட்டி எடுத்துக் கொண்டுவரும் பாதிப்பு இதில் அடங்கவில்லை என்பதையும் நினைவில் கொள்வது நல்லது.

கேள்வி: பெரிய அளவில் எங்காவது நடந்திருக்கிறதா?

பதில்: கனடாவின் பவுண்டரி டேம் நிலையத்தில் 2014 முதல் நடக்கிறது, ஆண்டுக்கு 10 லட்சம் டன் என்று திட்டமிட்டிருந்தும், பழுதுகளால் பல ஆண்டுகள் அந்த அளவை எட்டவில்லை. டெக்சஸின் நிலக்கரி நிலையம் ஒன்றில் அமைந்த பெட்ரா நோவா பிடிப்பு அமைப்பு 2017-இல் இயங்கத் தொடங்கி, எண்ணெய் விலை வீழ்ந்த 2020-இல் நிறுத்தப்பட்டு, 2023-இல் மீண்டும் தொடங்கியது. எண்ணெய் விலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள்: பிடித்த வாயுவை வாங்கியது எண்ணெய் வயல், ஆழத்தில் தேங்கிய எண்ணெயை வெளியே தள்ள அது பயன்பட்டது. இதைப் பருவநிலைத் திட்டமென்று மட்டும் அழைக்க எனக்கு மனம் வருவதில்லை. மிசிசிப்பியின் கெம்பர் நிலையமோ, 700 கோடி டாலருக்கு மேல் விழுங்கிய பின், 2017-இல் நிலக்கரியைக் கைவிட்டு எரிவாயுவுக்கே திரும்பிவிட்டது.

கேள்வி: புதைத்த வாயு ஒருநாள் வெடித்துக் கிளம்பாதா? கேமரூனின் நியோஸ் ஏரியில் 1986-இல் ஏறத்தாழ 1,700 பேர் கரியமில வாயுவால் மாண்டார்களே?

பதில்: நியோஸில் எரிமலை வாயு ஏரியின் அடிநீரில் கரைந்து கிடந்து, நீர் புரண்டதும் மொத்தமாக வெளியேறியது. நாம் பேசுவது 800 மீட்டருக்கும் கீழே, உவர்நீர் நிறைந்த மணற்பாறையின் நுண்துளைகளைப் பற்றி. அங்குள்ள அழுத்தத்தில் வாயு, திரவத்தை நெருங்கும் அடர்த்தி பெற்றுக் குறைந்த இடத்தில் அடங்கும். மேலே தடித்த களிப்பாறை மூடியாக நிற்கும். நாளடைவில் ஒரு பகுதி துளைகளிலேயே சிக்கிக்கொள்கிறது, ஒரு பகுதி உவர்நீரில் கரைந்து கனத்துக் கீழிறங்குகிறது. நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டன் கடலடியில் செலுத்தப்பட்டு, நில அதிர்வலைப் படங்களால் கண்காணிக்கப்பட்டும் வந்தது. மூடிப் பாறையைத் தாண்டிக் கசிவு தென்படவில்லை. ஐஸ்லாந்தில் நீரில் கரைத்து பசால்ட் என்னும் எரிமலைப் பாறைக்குள் செலுத்திய வாயுவின் பெரும்பகுதி இரண்டே ஆண்டுகளில் கல்லாக மாறியது. ஆனால் ஒரு டன் வாயுவுக்கு ஏறத்தாழ 25 டன் நீர் தேவைப்பட்டது.

பயப்பட வேண்டுமானால், சரியாக அடைக்கப்படாத பழைய கிணறுகளுக்கும் ஊர்களை ஒட்டிச் செல்லும் குழாய்களுக்கும் பயப்படுங்கள். மிசிசிப்பியின் சடார்ஷியாவில் 2020-இல் குழாய் உடைந்தபோது, காற்றைவிடக் கனமான அந்த வாயு தாழ்வான இடங்களில் தேங்கியதால் ஊரையே காலி செய்ய வேண்டியதாயிற்று. வண்டிகளின் எஞ்சின்கள்கூட மூச்சடைத்து நின்றன.

கேள்வி: புதைப்பதற்குப் பதிலாக சோடா, யூரியா என்று எதையாவது செய்யலாமே?

பதில்: ஒரு 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் வெளியிடுகிறது. அவ்வளவையும் வாங்கச் சந்தை இல்லை; சோடாவைத் திறந்தாலும் யூரியாவை வயலில் இட்டாலும் வாயு மீண்டும் காற்றுக்கே போகும்.

கேள்வி: உங்கள் கருத்தில், புதிய நிலக்கரி நிலையத்தை இந்த வசதியோடு கட்டலாமா?

பதில்: நான் பரிந்துரைக்க மாட்டேன். மின்சாரத்துக்குச் சூரியஒளி, காற்று என்று மாற்று வழிகள் இருக்கின்றன. சிமென்டுக்கு அப்படி இல்லை. சிமென்ட் ஆலை வெளியிடுவதில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதன்று, சுண்ணாம்புக்கல் சிதையும்போதே வருவது. எரிபொருளை மாற்றினாலும் அது நிற்காது. ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும் நோக்கத்தோடு நார்வேயின் பிரெவிக் சிமென்ட் ஆலையில் 2025-இல் தொடங்கப்பட்ட அமைப்பைத்தான் நான் ஆவலோடு கவனித்து வருகிறேன்.