பெரிய மரத்தை மட்டும் வெட்டினால் காடு அப்படியே இருக்குமா?

கேள்வி: வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். நிலைக்கும் ஜன்னலுக்கும் மலேசியா சால் எடுக்கச் சொல்கிறார் மரக்கடைக்காரர். "அங்கே காட்டை மொட்டையடிக்க மாட்டாங்க. பெருத்த மரமாப் பார்த்து எடுப்பாங்க, காடு அப்படியே இருக்கும்" என்கிறார். நம்பலாமா? வாங்கலாமா? (வாசகி, திருப்பூர்)

பதில்: பாதி நம்பலாம், அம்மா. மீதிப் பாதியைத்தான் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மலேசியா சால் என்று நம் கடைகளில் விற்பது பெரும்பாலும் பலாவு வகை மரம். வடநாட்டுச் சால மரத்துக்குப் பங்காளி. மலேசியாவிலும் போர்னியோ தீவிலும் மழைக்காடுகளில் வளர்வது. அங்கே முழுக்காட்டையும் அழிக்காமல் விலை போகும் மரத்தை மட்டும் எடுக்கும் முறை உண்மையிலேயே உண்டு. அதன் விளைவை நன்றாக ஆராய்ந்த இடம், போர்னியோவில் சபா மாநிலத்து உலு செகாமா காடு. 1980களின் இறுதியில் அங்கே 60 செ.மீ.க்கு மேல் விட்டமுள்ள மரங்களை எடுத்தார்கள். எக்டேருக்குச் சுமார் 115 கனமீட்டர். உங்கள் மரக்கடைக் கணக்கில் ஏக்கருக்கு 1,600 கன அடி. 2001-2007இல் மறுபடி நுழைந்தபோது 40 செ.மீ. மரங்களையும் விடவில்லை.

பக்கத்திலேயே டானம் பள்ளத்தாக்கு, 438 சதுர கி.மீ., வெட்டுப்படாத காடு. இரண்டையும் ஒப்பிட்டு 2011இல் வெளியான ஆய்வின் முடிவு பலரையும் வியக்க வைத்தது. வெட்டாத காட்டில் இருந்த பறவைகளிலும் சாணவண்டுகளிலும் 75 சதவீதத்துக்கும் மேலான இனங்கள் இரண்டு முறை வெட்டிய காட்டிலும் இருந்தன. கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை என்றது இதனால்தான்.

ஆனால் இனங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். மேலே இடைவெளி விழுந்து வெயில் உள்ளே வந்ததும் கொண்டைக்குருவி வகைகள் போன்ற எங்கும் பிழைக்கும் பறவைகள் பெருகும்; பட்டியல் நீளமாகத் தெரியும். இருட்டான காட்டுத் தரையில் சருகைக் கிளறிப் பூச்சி தின்னும் பறவைகள் குறைந்துவிடும். பெருமரத்துப் பொந்தில்தான் இருவாச்சிப் பறவை கூடு கட்டும். மழைக்காட்டு ஆல், அத்தி வகைகள் பலவும் பெருமரத்தின் மேல் தொற்றி வளரும். அந்த மரம் போனால் பொந்தும் போச்சு, பழமும் போச்சு. அது மட்டுமல்ல: இந்த மரங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் காடு முழுக்கச் சேர்ந்து காய்க்கும். தாய்மரத்தை எடுத்துவிட்டால் அந்த முறைக்கு விதை குறைவு.

இன்னொன்று, "ஒரு மரம்" என்பது ஒரு மரத்தோடு நிற்பதில்லை. மழைக்காட்டில் மரத்துக்கு மரம் கொடிகள் தலையைப் பிணைத்திருக்கும். ஒன்றைச் சாய்த்தால் பக்கத்து மரத்தின் கிளையை முறித்து, சிலதை வேரோடு இழுத்துக்கொண்டு விழும். பிறகு அடிமரத்தைச் சங்கிலியில் கட்டி புல்டோசர் இழுத்துப் போகும். அந்தத் தடத்தில் மண் இறுகி, மழைநீர் உள்ளே இறங்காமல் செம்மண்ணோடு ஓடையில் கலக்கும். இழுவைத் தடத்தில் பல வருடம் கன்று எளிதில் முளைக்காது.

எனவே எவ்வளவு எடுத்தார்கள் என்பதே முதல் கேள்வி. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் ஒரு கணக்கு வந்தது: எக்டேருக்கு 38 கனமீட்டர் எடுத்தால் பாலூட்டி இனங்கள் பாதியாகும், 63 எடுத்தால் தவளை முதலிய நீர்நில வாழ்விகள் பாதியாகும். உலு செகாமாவில் எடுத்த 115 எங்கே, இந்த 38 எங்கே!

அடுத்து, சாலை. மர லாரிக்குப் போட்ட பாதையில் வேட்டைக்காரரும் வருவார், தோட்டம் போடுபவரும் வருவார். பிரேசிலின் அமேசானில் இப்படிப் பொறுக்கி வெட்டிய நிலத்தில் 16 சதவீதம் ஒரே ஆண்டுக்குள் முழுதாக அழிக்கப்பட்டதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. அதற்காக "வெட்டிய காடு, இனி உதவாது" என்று கைவிடுவதும் ஆபத்து. அந்த வாதத்தை வைத்துத்தான் எண்ணெய்ப்பனைக்குக் காட்டைக் கொடுப்பார்கள். பனைத் தோட்டத்தில் தேறுவது காட்டு இனங்களில் சராசரியாக 15 சதவீதம்தான். என்னைக் கேட்டால், இரண்டு முறை வெட்டிய காட்டுக்கும் காவல் போட வேண்டும்.

ஒழுங்காக வெட்டவும் முடியும். முன்கூட்டியே கொடி அறுப்பது, சாயும் திசையைத் தீர்மானிப்பது, இழுவைத் தடத்தை வரைபடத்தில் குறிப்பது ஆகியவற்றாலேயே சேதம் வெகுவாகக் குறையும். சபாவின் தெராமகோட் காடு, சுமார் 55,000 எக்டேர், இப்படி நடத்தி 1997இல் எஃப்.எஸ்.சி. சான்று பெற்றது. காட்டைப் பொறுப்பாக நடத்துகிறார்கள் என்பதற்குத் தரும் சர்வதேசச் சான்று அது.

இனி உங்கள் வாசக்காலுக்கு வருவோம். சான்று இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள்; சுவரில் மாட்டிய காகிதத்தையும் காட்டுவார்கள். அது போதாது. எஃப்.எஸ்.சி. என்ற குறிப்பும் சான்று எண்ணும் உங்களுக்குத் தரும் பில்லிலேயே இருக்க வேண்டும். அந்த எண்ணை எஃப்.எஸ்.சி. அமைப்பின் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். மலேசியச் சரக்குக்கு பி.இ.எஃப்.சி. என்ற இன்னொரு சர்வதேசச் சான்றின் குறியும் இருக்கலாம், எதுவுமே இல்லாததற்கு அது மேல். நம்மூர்ச் சில்லறைக் கடையில் இரண்டும் கிடைப்பது அபூர்வம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிடைக்காவிட்டால் மலேசியா சாலை விட்டுவிடுங்கள். விவசாயி வரப்பில் வளர்த்த தேக்கு இருக்கிறது. நிலைக்கு வேம்பும் வாகையும் போதும். இளந்தேக்கில் வெள்ளை அதிகம் இருக்கும், வைரம் பாய்ந்த கட்டையாகப் பார்த்து, நன்றாகக் காயவிட்டு அறுக்கச் சொல்லுங்கள். காரைக்குடிப் பக்கம் வீடு பிரித்த பழைய மரம் கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. அறுவை மில்லுக்கு அனுப்புமுன் ஆணி முழுதும் பிடுங்கியாயிற்றா என்று மட்டும் பாருங்கள். பிளேடு உடைந்தால் அந்தக் காசையும் உங்கள் தலையில்தான் கட்டுவார்கள்.