மூன்றாம் பக்கம், மூன்றாவது கட்டம்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் படித்தேன். ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் வேலை. அங்கே தங்குவதற்கான அனுமதிக் கார்டு ஆகஸ்ட் 20-ஆம் தேதியோடு முடிகிறது. ஜூன் மாதமே ஆன்லைனில் புதுப்பிக்க விண்ணப்பித்தாயிற்று. ‘உங்கள் விண்ணப்பம் கிடைத்தது’ என்று ஒரு தானியங்கி மெயில் வந்ததோடு சரி. ஆவணியில் கும்பகோணத்தில் தங்கை கல்யாணம். அந்த மெயிலை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு ஊருக்குப் போய் வரலாமா என்கிறீர்கள்.

தாராளமாகப் போகலாம். வருவதுதான் பாடு.

கார்டு முடிவதற்குள் விண்ணப்பித்துவிட்டால், அவர்கள் முடிவு சொல்லும்வரை பழைய அனுமதி தொடர்வதாகவே ஜெர்மன் சட்டம் எடுத்துக்கொள்கிறது. குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு, 4-ஆம் உட்பிரிவு. ஆகவே நீங்கள் அங்கே இருப்பதிலோ வேலைக்குப் போவதிலோ சிக்கல் இல்லை. (ஒருநாள் தாமதமாக விண்ணப்பித்திருந்தால் கதையே வேறு. நீங்கள் தப்பித்தீர்கள்.) ஆனால் சென்னை விமான நிலையத்தில் கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம் போய்ச் சட்டப்பிரிவு பேச முடியுமா? அவருக்குக் காட்ட ஒரு காகிதம் வேண்டும். அதற்குப் பெயர் ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங். வாயில் நுழையாவிட்டாலும் பெயரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அவுஸ்லெண்டர் ஆபீஸில், அதாவது வெளிநாட்டவருக்கான அலுவலகத்தில்தான் தருவார்கள், கட்டணம் 13 யூரோ.

கையில் வாங்கியதும் கவுண்டரை விட்டு நகராமல் மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள். வரிசையாகச் சில கட்டங்கள் இருக்கும். மூன்றாவது கட்டத்தில், அதாவது ‘அனுமதி தொடர்வதாகக் கருதப்படுகிறது’ என்று 81(4)-ஐச் சொல்லும் கட்டத்தில் டிக் விழுந்திருக்க வேண்டும். முதல் கட்டத்தில் விழுந்திருந்தால், நாட்டுக்குள் இருக்கலாம் என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. வெளியே போனால் அதை வைத்துத் திரும்ப உள்ளே வர முடியாது. உங்களுக்கு வரவேண்டியது மூன்றாவதுதான். ஆனாலும் கை தவறி மாற்றிப் போடுகிறவர்கள் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். தனியாக இந்தக் காகிதமும் செல்லாது. பாஸ்போர்ட், முடிந்துபோன பழைய கார்டு, இது மூன்றும் சேர்ந்தால்தான் மதிப்பு. பழைய கார்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

2018 டிசம்பரில் இப்படித்தான் நானும் போனேன். திரும்பும்போது மீனம்பாக்கத்தில் நடுராத்திரி, செக்-இன் வரிசை. கவுண்டர் பெண் கார்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு “எக்ஸ்பயர் ஆயிடுச்சே மேடம்” என்றார். காகிதத்தை நீட்டினேன். முழுக்க ஜெர்மன். சூப்பர்வைசர் வந்தார், யாருக்கோ போன் போட்டார், காத்திருக்கச் சொன்னார். முக்கால் மணி நேரம். மகன் டிராலியில் முறுக்கு டின் மேல் தலைவைத்துத் தூங்கிவிட்டான். கடைசியில் அந்த மனிதர் மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்து, தம் கணினியில் இருந்ததோடு ஒத்துப் பார்த்து, போர்டிங் பாஸைக் கொடுத்தார். அவர்மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. தகுந்த ஆவணம் இல்லாத ஆளை ஏற்றிவந்தால் அபராதமும் திருப்பிக் கூட்டிப்போகும் செலவும் விமான நிறுவனத்தின் தலையில்தான் விழும். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கியபின் எல்லைக் காவலர் அரை நிமிடத்தில் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார், தினமும் பார்க்கிற காகிதம்தானே. ஆகவே விமான நிலையத்துக்கு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னாடியே போய்விடுங்கள்.

டிக்கெட் இன்னும் போடவில்லை என்றால், லண்டன் வழி வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே விமானம் மாறவே விசா கேட்பார்கள். செல்லுபடியாகும் ஐரோப்பிய கார்டு இருந்தால் கிடைக்கிற விலக்கை இந்தக் காகிதத்தை நம்பி எதிர்பார்க்காதீர்கள். தோஹா, துபாய் பரவாயில்லை. பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் வழியாகவும் சட்டப்படி வரலாம், ஆனால் நானாக இருந்தால் முதலில் இறங்கும் ஐரோப்பிய மண் ஜெர்மனியாகவே இருக்கும்படி பார்ப்பேன். இன்னொன்று, காகிதத்திலும் ஒரு தேதி இருக்கும். அதற்கு இரண்டு வாரம் முன்பே திரும்பிவிடுங்கள். அந்தத் தேதி ஊரில் இருக்கும்போதே தாண்டிவிட்டால், சென்னையில் ஜெர்மன் துணைத் தூதரகத்தின் வழியே முதலிலிருந்து விசா கேட்க வேண்டியதுதான்.

சரி, டெர்மினே (அந்த ஆபீஸில் போய்ப் பார்க்க நேரம்) கிடைக்காத ஊரில் இந்தக் காகிதத்தை எப்படி வாங்குவது? காத்திருக்காதீர்கள், எழுதிக் கேளுங்கள். எனக்கு முதல் இரண்டு மெயிலுக்குப் பதிலே வரவில்லை. மூன்றாவதில் தலைப்பிலேயே கோப்பு எண்ணையும் பயணத் தேதியையும் போட்டு, தம்பி கல்யாணப் பத்திரிகையை ஸ்கேன் செய்து இணைத்து, கீழே நாலு வரி ஜெர்மனில் விளக்கம் எழுதினேன். மூன்றாம் நாள் வரச் சொன்னார்கள். போனால், அந்த அம்மா பத்திரிகையின் மூலையைக் காட்டி “இது என்ன கறை?” என்றார். மஞ்சள் என்று விளக்கிச் சொன்ன பிறகு சிரித்துக்கொண்டே டிக் போட்டார், சரியான கட்டத்தில்.

உங்கள் வீட்டுப் பத்திரிகை அச்சாகிவிட்டதா? மணமகளின் அண்ணன் என்று உங்கள் பெயர் வரும் வரியை அடிக்கோடிட்டு இன்றைக்கே அனுப்புங்கள். காகிதம் கைக்கு வந்ததும் மூன்றாம் பக்கத்தைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.