மேடை வரைபடமும் ரைடரும்

கேள்வி: குரல், வயலின், மிருதங்கம், கீபோர்டு, பேஸ் கிட்டார் என ஐவர் கொண்ட இசைக்குழு எங்களுடையது. வெளியூர்க் கல்லூரி ஒன்று ‘ஸ்டேஜ் பிளாட்’, ‘டெக்னிக்கல் ரைடர்’ இரண்டையும் முன்கூட்டியே அனுப்பச் சொல்கிறது. அவற்றை எப்படித் தயாரிப்பது?
– வாசகர், திருச்சி

பதில்: யார் எங்கே அமர்வார், மைக்கும், கலைஞர்கள் தங்கள் இசையைக் கேட்பதற்கான மேடை ஒலிபெருக்கியான மானிட்டரும், மின் இணைப்பும் எங்கே வரவேண்டும் என்று ஒரே பக்கத்தில் காட்டும் வரைபடம் ஸ்டேஜ் பிளாட், நிகழ்ச்சிக்கு வேண்டியவற்றை எழுத்தில் தருவது ரைடர். உங்களை முன்பின் அறியாத ஒலிப்பொறியாளர், நீங்கள் வந்து சேர்வதற்குள் இவற்றைக் கொண்டே மேடையை அமைத்துவிட வேண்டும்.

வரைபடத்தில் சபையைத் தாளின் அடிப்பக்கத்தில் குறியுங்கள். மேடையின் இடம், வலம் என்பவை சபையை நோக்கி நிற்கும் கலைஞரின் இடமும் வலமுமே. உங்கள் குழுவுக்கு இது மிக முக்கியம். வலக்கைப் பழக்கமுள்ள மிருதங்கக் கலைஞர் பாடகரின் வலப்பக்கத்தில் அமர்ந்தால்தான் மிருதங்கத்தின் கருஞ்சாந்து பூசிய முகமான வலந்தலை சபையை நோக்கியிருக்கும். வயலின் அப்போது இடப்பக்கம் வரும். மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையைப் போல இடக்கையால் வாசிப்பவராக இருந்தால், இருவரும் இடம் மாறி அமரவேண்டும். இதை வரைபடத்தில் தெளிவாகக் காட்டாவிட்டால், திரை விலகும் நேரத்தில் மைக்குகளையும் கேபிள்களையும் பெயர்த்து மாற்ற நேரிடும்.

அடுத்து, சேனல் பட்டியல், அதாவது ஒலிக்கலவைக் கருவிக்கு (மிக்சர்) வரும் தனித்தனி ஒலி இணைப்புகளின் பட்டியல். குரலுக்கு 1, வயலினுக்கு 1, மிருதங்கத்தின் வலந்தலைக்கும் அதன் மறுமுகமான தொப்பிக்கும் தனித்தனியாக 2, ஸ்டீரியோ கீபோர்டுக்கு 2, பேஸ் கிட்டாருக்கு 1 என 7 சேனல்கள் ஆகின்றன. பலரும் விட்டுவிடும் சுருதிப்பெட்டியையும் சேர்த்தால் 8. கீபோர்டுக்கும் பேஸ் கிட்டாருக்கும் டிஐ பாக்ஸ் (கருவியின் ஒலியை மைக் இன்றி நேரடியாக மிக்சருக்கு அனுப்பும் பெட்டி) வேண்டும் என்றும், கண்டென்சர் மைக் கேட்பதானால் அந்தச் சேனலுக்கு 48 வோல்ட் ஃபேண்டம் பவர் (அவ்வகை மைக் இயங்க அதன் கேபிள் வழியே தரும் மின்சாரம்) தேவை என்றும் எதிரே குறியுங்கள். தரையில் அமர்பவர்களுக்குக் குட்டை ஸ்டாண்டுகளைக் கேளுங்கள். இல்லையேல் நின்று பாடுவோருக்கான உயர ஸ்டாண்டுகளே வந்து நிற்கும். யாருடைய மானிட்டரில் எது கேட்கவேண்டும் என்பதையும் எழுதுங்கள். சுருதியும் குரலும் தெளிவாகக் கேளாமல் மிருதங்கக் கலைஞரை வாசிக்கச் சொல்வது அவருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

ரைடரில் கட்டாயத் தேவைகளையும் இருந்தால் நல்லது என்பவற்றையும் கலக்காதீர்கள். கல்லூரியின் வசதிக்கு மீறிய பட்டியலைக் கண்டால், உண்மையில் இன்றியமையாததையும் அவர்கள் அலட்சியப்படுத்திவிடக்கூடும். ஒலிச்சோதனைக்கு வேண்டிய நேரம், பொறுப்பாளரின் கைபேசி எண், பட்டியலைத் திருத்திய தேதி ஆகியவற்றை மேலேயே எழுதி, கல்லூரிக்கு மட்டுமன்றி ஒலி அமைப்பாளருக்கும் நேரடியாக அனுப்பிவிடுங்கள்.