புட்டியில் வரும் 'மரபணு ஊக்கி' மிளகாயைக் காப்பாற்றுமா?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் வேலை பார்க்கிறேன். கிளிநொச்சியில் அண்ணனின் மிளகாய்த் தோட்டத்தில் இலைச்சுருள் கடுமையாக இருக்கிறது. செடியின் மரபணுக்களைத் தட்டியெழுப்பி நோயையும் வரட்சியையும் தாங்க வைக்கும் திரவம் என்று புறக்கோட்டையில் ஒருவர் விற்கிறார். வாங்கி அனுப்பலாமா?

பதில்: தயவுசெய்து வாங்காதீர்கள். தற்காப்புக்குரிய மரபணுக்கள் செடியில் ஏற்கெனவே உள்ளன. அவை எப்போது இயங்க வேண்டும் என்பதை வேறு சில மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. அந்தக் கட்டுப்பாட்டை மாற்றித் தாங்குதிறனைக் கூட்ட முடியும் என்பது உண்மையே. நெல்லில் 2006இல் அடையாளங் காணப்பட்ட சப்1ஏ என்ற மரபணு, வெள்ளத்தில் முழுவதும் மூழ்கிய பயிர் வீணாக நீண்டு வளர்ந்து சேமிப்பைத் தீர்த்துவிடாமல் அடக்கி வைத்து, ஏறக்குறைய 2 வாரங்கள் உயிரோடு காக்கிறது. ஆனால் அது இனக்கலப்பினால் விதைக்குள் சேர்க்கப்பட்ட குணம், தெளித்து வருவதன்று.

ஒரு விலக்கைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் விற்பவர்கள் அதைக் காட்டியே ஏமாற்றுகிறார்கள். நோய்க்கிருமி தொற்றியதும் செடி தானே சலிசிலிக் அமிலத்தைச் சுரந்து தற்காப்பு மரபணுக்களை இயக்குகிறது. அதே வழியைத் தூண்டும் புரோபெனசோல் என்ற மருந்தை யப்பானிய விவசாயிகள் நெல்லின் எரிபந்த நோய்க்கு 1970களிலிருந்து பயன்படுத்துகிறார்கள். ஆயினும் அது நோய் வருமுன் இடப்படுவது, சில காலமே நிற்பது. வைரஸ் ஏறிவிட்ட மிளகாய்ச் செடியை அது மீட்காது. மேலும், தற்காப்பை ஓயாமல் தூண்டினால் செடியின் வளர்ச்சி குன்றும்.

அண்ணனிடம் இலைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி. வெள்ளைத் தாளின் மீது கொழுந்தைத் தட்டினால் மெல்லிய பூச்சிகள் ஊர்வது தெரியும். கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணி. அதைக் காண உருப்பெருக்கி வேண்டும், பூச்சிகொல்லி பலவும் அதற்குப் பயன்படாது. இலை சிறுத்து மஞ்சளாகி, செடி குட்டையாகி, இலையின் அடிப்புறத்தில் வைரஸைப் பரப்பும் வெண்ணீக்கள் (வெள்ளை ஈக்கள்) இருந்தால் வைரஸ் நோய். அச்செடியைப் பிடுங்கி அழிப்பதே வழி.

பீடைநாசினி என்று சொன்னால் பதிவு இலக்கம் கேட்பார்கள் என்பதால்தான் 'ஊக்கி' என்று பெயர் மாற்றுகிறார்கள். விவசாயப் போதனாசிரியர் வந்து பார்ப்பதற்குள் பாதிப் போகம் கழிந்துவிடும் நிலையை நாம் ஏன் இன்னும் பொறுத்துக்கொள்கிறோம்? அந்த இடைவெளியில்தான் இந்தத் தரகர்கள் பிழைக்கிறார்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தை இன்றே அழைக்கச் சொல்லுங்கள். அழைக்குமுன் சுருண்ட இலைகளின் இரு பக்கங்களையும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளட்டும்.