முதல் ரீலுக்கு 2500 நம்பர் போதும்: தூண்டில் கேள்வி-பதில்

கேள்வி: முதல் தடவையாக ரீல் வாங்கப் போகிறேன். கடையில் 1000 முதல் 6000 வரை நம்பர் உள்ளவற்றைக் காட்டுகிறார்கள். தியவன்னா ஓயாவுக்கும் பொல்கொட வாவிக்கும் எது பொருந்தும்? (வெள்ளவத்தை)

பதில்: 2500 நம்பர் ஸ்பின்னிங் ரீல் (எறியும்போது ஸ்பூல், அதாவது நூல் சுற்றிய கட்டை, சுழலாத வகை). அந்த நம்பர் ரீலின் பருமனையும் ஸ்பூல் கொள்ளும் நூலையும் குறிக்கிறது; கம்பனிக்குக் கம்பனி கொஞ்சம் வித்தியாசப்படும். 1000 ரீலில் திலாப்பியா பிடிப்பது சுகம்தான். ஆனால் விரால் கொத்திக்கொண்டு ஆகாயத்தாமரைக்குள் புகுந்துவிட்டால், அதை வெளியே இழுக்க அந்தச் சின்ன ரீலுக்குப் பலம் காணாது. பொல்கொடவில் கொடுவாதான் உங்கள் குறி என்றால் 4000 எடுங்கள்.

பெட்டியில் எத்தனை பெயரிங் என்று எழுதியிருக்கிறது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். மலிவான பன்னிரண்டைவிட நல்ல நான்கு மேல். கடையிலேயே மூன்று விஷயம் பாருங்கள். டிராக்கை (மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் பிரேக்கை) பாதி தளர்த்தி நூலை மெதுவாக இழுங்கள். ஒரே சீராக வர வேண்டும். பிடித்துப் பிடித்து விட்டால், மீன் பாயும்போது அந்த இடத்தில்தான் நூல் அறும். அடுத்து, பெயிலை (நூலைப் பிடித்து ஸ்பூலில் சுற்றும் கம்பி வளைவை) திறந்து மூடுங்கள், தளர்ச்சி இருக்கக் கூடாது. கடைசியாக, நூல் ஓடும் சிறு உருளையின் மேல் ஒரு துண்டு நூலைப் போட்டு இழுங்கள். உருளை சுழலாவிட்டால் அந்த ரீல் வேண்டாம். நூல் தேயும், முறுக்கும் ஏறும்.

கேள்வி: புது ரீலுக்குக் கடையிலேயே தங்கூசி (நைலோன் நூல்) சுற்றித் தந்தார்கள். எறியும் ஒவ்வொரு முறையும் கொத்துக் கொத்தாக வந்து சிக்குகிறது. ரீல் பழுதா? (தெஹிவளை)

பதில்: பெரும்பாலும் ரீலில் பிழை இராது, நூல் சுற்றிய விதம்தான் காரணம். முதலில் ஸ்பூலின் விளிம்பைப் பாருங்கள். தங்கூசிக்கு 3 மில்லிமீட்டர் அளவும், பிரெய்ட் நூலுக்கு (இழைகளைப் பின்னிய நூலுக்கு) 2 மில்லிமீட்டர் அளவும் விளிம்பு வெறுமையாகத் தெரிய வேண்டும். அதற்கு மேல் நிரப்பினால் வளையங்கள் தாமாகக் கழன்று விழும். மிகக் குறைத்தால் விளிம்பில் உரசி, தூரம் போகாது.

மற்றது முறுக்கு. நூல் உருண்டையைத் தரையில் தட்டையாக வைத்து, ஈரத்துணியால் நூலைப் பிடித்தபடி கைப்பிடியை இருபது சுற்றுச் சுற்றுங்கள். பிறகு நூலைத் தளர விடுங்கள். தன்னோடு தானே முறுக்கிக்கொண்டால் உருண்டையைக் கவிழ்த்து வைத்துத் தொடருங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் சுற்றுவதால்தான் பாதிச் சிக்கல்கள் வருகின்றன. பிரெய்ட் போடுவதானால் ஸ்பூலில் முதலில் சில மீட்டர் தங்கூசி சுற்றுங்கள். வழுக்கும் ஸ்பூலில் பிரெய்ட் நேராகக் கட்டினால் மொத்த நூலும் சேர்ந்து சுழலும். டிராக் இறுக்கியும் பிடிக்கவில்லையே என்று குழம்புவீர்கள்.

ஏற்கெனவே முறுக்கேறிய நூலைக் கழிக்க, தூண்டில், ஈயம் எதுவும் கட்டாமல் ஓடும் நீரில் 40, 50 மீட்டர் விடுங்கள். நுனி தானாகச் சுழன்று முறுக்கு அவிழும். பின்பு விரலால் இறுக்கிப் பிடித்தபடி சுற்றி எடுங்கள். இனி எறிந்தவுடன் பெயிலைக் கையால் மூடிப் பழகுங்கள். கைப்பிடியைச் சுற்றி மூடினால், தளர்ந்த நூல் ஸ்பூலில் வளையமாகப் படிந்து அடுத்த எறிதலில் முடிச்சாக வரும்.

கேள்வி: டிராக்கை எவ்வளவு இறுக்குவது? (மட்டக்குளி)

பதில்: நூல் தாங்கும் எடையில் நாலில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை. 10 இறாத்தல் நூல் என்றால் ஏறக்குறைய 4.5 கிலோ; டிராக் 1.1 முதல் 1.5 கிலோவில் விட வேண்டும். பயணப் பையை நிறுக்கும் கொக்கித் தராசில் நூலைக் கட்டி, கம்பு வளையும்படி இழுத்துப் பாருங்கள். கையால் இழுத்து மதிப்பிட்டால் அநேகமாகக் கூடுதலாக இறுக்கிவிடுவோம்.

மீன் நூலை இழுத்துக்கொண்டு ஓடும்போது கைப்பிடியைச் சுற்றாதீர்கள். 5.2:1 கியர் உள்ள ரீலில் (கைப்பிடி ஒரு தடவை சுற்றினால் பெயில் 5.2 தடவை சுற்றும்) ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து முறுக்கு நூலில் ஏறும், மீனோ ஒரு அங்குலமும் கிட்ட வராது. ஓட்டம் நின்றதும் கம்பை உயர்த்தி, தாழ்த்தும்போது சுற்றுங்கள்.

கேள்வி: பெயிட்காஸ்டர் வாங்கலாமா? நூல் பறவைக்கூடு மாதிரி ஆகிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். (கொட்டாஞ்சேனை)

பதில்: பெயிட்காஸ்டர் என்பது எறியும்போது ஸ்பூலே சுழன்று நூலை விடும் ரீல். முதல் ரீலாக வேண்டாம். 7 கிராமுக்குக் குறைந்த லூரை (செயற்கை இரையை) அதில் எறிவதும் சிரமம். விராலுக்குத் தவளை லூர் போடத் தொடங்கிய பிறகு வாங்குங்கள். பாசிக்குள்ளிருந்து இழுக்க அதற்கு நிகரில்லை.

எறிந்த லூரின் வேகம் குறைந்த பிறகும், அது நின்ற பிறகும் ஸ்பூல் வேகம் குறையாமல் சுழன்று நூலை விடுவதால்தான் கூடு கட்டுகிறது. கைப்பிடிப் பக்கத்துச் சிறு குமிழைத் திருகி, கட்டைவிரல் பொத்தானை அழுத்தினால் லூர் மெதுவாக இறங்கி, தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்கும்படி வையுங்கள். காந்த பிரேக் 10 வரை இருந்தால் 8இல் தொடங்குங்கள். கொக்கி கழற்றிய 15 கிராம் லூருடன் மைதானத்தில் பழகி, ஒவ்வொரு எண்ணாகக் குறையுங்கள். லூர் தண்ணீரைத் தொடுமுன் கட்டைவிரல் ஸ்பூலில் இருக்க வேண்டும். எந்த பிரேக்கும் அந்த விரலுக்கு ஈடாகாது. காற்றுக்கு எதிராக எறிவதைக் கொஞ்சக் காலம் தவிருங்கள்.

கேள்வி: நான் இடதுகைக்காரன். தனி ரீல் வேண்டுமா? (பத்தரமுல்லை)

பதில்: ஸ்பின்னிங் ரீலில் தேவையில்லை, கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டலாம். பெயிட்காஸ்டரில் மாற்ற முடியாது. கைப்பிடி எந்தப் பக்கம் என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: பொல்கொட போய் வந்தால் ரீலைக் கழுவ வேண்டுமா? அது வாவிதானே? (மொரட்டுவை)

பதில்: கட்டாயம் கழுவுங்கள், அங்கே கடல்நீர் கலக்கிறது. டிராக்கை முதலில் இறுக்கிக்கொண்டு குழாய்நீரை மென்மையாக விடுங்கள். தளர்வாக இருந்தால் தண்ணீர் டிராக் தட்டுகளுக்குள் போய்விடும். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே தள்ளப்படும், வாளியில் அமிழ்த்துவதும் கூடாது. துடைத்துக் காயவிட்டு, நூல் உருளைக்கும் கைப்பிடிக் குமிழுக்கும் ஒவ்வொரு துளி ரீல் எண்ணெய் விடுங்கள். கியருக்கு கிரீஸ்தான், எண்ணெய் அல்ல. எடுத்து வைக்கும்போது டிராக்கை முழுதாகத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே வைத்தால் தட்டுகள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும், அடுத்த முறை மீன் பாய்கையில் பிடித்துப் பிடித்து விடும்.