வார் கோப்புக்குள் எது இருக்கணும், எது இருக்கக்கூடாது? ஜாவா வெப் சர்வீஸ் கேள்வி-பதில்

ஜாவாவில் வெப் சர்வீஸ் செய்ய ஜேடிகே, எக்லிப்ஸ், மேவன், டாம்கேட், ஜெர்சி எல்லாம் வேண்டும் என்கிறார்கள். எவை கட்டாயம்? (கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை)

வெப் சர்வீஸ் என்பது வேறு புரோகிராம்கள் நெட்வொர்க் வழியே கூப்பிட்டுப் பயன்படுத்தும் புரோகிராம். அது ஓடுவதற்குத் தேவை மூன்றுதான்: ஜாவா (ஜேடிகே), ஒரு சர்வர் (டாம்கேட் போல), வெப் சர்வீஸ் லைப்ரரி (ஜெர்சி போல). கோடு எழுதும் எக்லிப்ஸும், லைப்ரரிகளைத் திரட்டிக் கட்டித் தரும் மேவனும் உங்கள் லேப்டாப்போடு சரி. குழப்பம் லைப்ரரியில்தான் வரும். டாம்கேட் சர்வ்லெட்டும் (பிரவுசர் கேட்பதற்குப் பதில் தரும் ஜாவா கிளாஸ்) ஜேஎஸ்பியும் (ஜாவா கலந்த வெப் பக்கம்) தரும். ரெஸ்ட் (சாதாரண வெப் முகவரிகள் வழியே தகவல் பரிமாறும் முறை) சர்வீஸுக்கான ஜாக்ஸ்-ஆர்எஸ் அதில் கிடையாது. ஆகவே அதைத் தரும் ஜெர்சியின் ஜார்களை (லைப்ரரி கோப்புகளை), சர்வரில் போடும் முழு ஆப்பின் பொட்டலமான வார் கோப்பின் வெப்-இன்ஃப் அடியிலுள்ள லிப் ஃபோல்டரில் நீங்களே வைக்க வேண்டும். வைல்ட்ஃப்ளை, கிளாஸ்ஃபிஷ் என்ற சர்வர்கள் இரண்டிலும் ஜாக்ஸ்-ஆர்எஸ் கூடவே வரும். அங்கே மறுபடி வைத்தால் இரண்டு பதிப்புகள் மோதிக்கொள்ளும். சர்வ்லெட் ஏபிஐ ஜாரை மட்டும் எந்த சர்வருக்கான வாரிலும் வைக்காதீர்கள், அது சர்வரிலேயே இருக்கும். மேவனில் அதன் ஸ்கோப்பை ‘ப்ரொவைடட்’ (சர்வரே தரும், வாரில் வைக்காதே) என்று போட்டுவிடுங்கள்.

கன்டெய்னர் யார்டு மென்பொருள். ஜாவா 8-இல் ஓடிய சோப் கிளையன்ட் (எக்ஸ்எம்எல்லில் பேசும் வெப் சர்வீஸை அழைக்கும் புரோகிராம்), 17-க்கு மாற்றியதும் ‘ஜாவாஎக்ஸ் எக்ஸ்எம்எல் டபிள்யூஎஸ்’ பேக்கேஜே இல்லை என்கிறது. (மணலி)

அந்த பேக்கேஜ், சோப்புக்கான லைப்ரரியான ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்ஸுடையது. ஜாவா 6 முதல் 8 வரை அது ஜேடிகேவுக்குள்ளேயே இருந்தது. 2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11-இல் அதையும், எக்ஸ்எம்எல்லை ஜாவா ஆப்ஜெக்டாக்கும் ஜாக்ஸ்பியையும் எடுத்துவிட்டார்கள். டபிள்யூஎஸ்டிஎல் என்னும் சர்வீஸ் விவரக் கோப்பிலிருந்து கிளாஸ்களை உருவாக்கித் தரும் டபிள்யூஎஸ்இம்போர்ட் கருவியும் கூடவே போய்விட்டது. ஜாவாவை இயக்கும்போது ‘ஆட்-மாட்யூல்ஸ்’ என்று சேர்க்கச் சொல்லி இணையத்தில் கிடைக்கும் வைத்தியம் 9, 10 பதிப்புகளில் மட்டுமே பலிக்கும். 17-இல் போட்டால் ஜாவா கிளம்பவே கிளம்பாது.

இனி அந்த லைப்ரரியை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். மேவனில் ஜாக்ஸ்டபிள்யூஎஸ்-ஆர்டி சேருங்கள். பழைய கோடில் கை வைக்க விருப்பமில்லையா, 2.3 வரிசையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 3-க்கோ அதற்கு மேலோ போனால் பேக்கேஜ் பெயர்கள் ‘ஜகார்த்தா’ என்று மாறிவிடும், கிளையன்ட் கிளாஸ்களை மறுபடி உருவாக்க வேண்டிவரும். யார்டு ஓடிக்கொண்டிருக்கும்போது 2.3-தான் புத்திசாலித்தனம்.

டாம்கேட் 10-இல் வார் கோப்பைப் போட்டேன். லாகில் பிழை இல்லை, பிரவுசரில் 404 (பக்கம் கிடைக்கவில்லை). அதே வார் டாம்கேட் 9-இல் ஓடுகிறது. (பெரம்பூர்)

9-இல் ஓடுகிறது என்றீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. சர்வ்லெட் பேக்கேஜ்களின் பெயர் டாம்கேட் 9 வரை ‘ஜாவாஎக்ஸ்’, 10 முதல் ‘ஜகார்த்தா’. உங்கள் சர்வ்லெட் மேலிருக்கும் பழைய அனொடேஷனை (முகவரியைச் சொல்லும் @ குறிப்பை) டாம்கேட் 10 கண்டுகொள்வதே இல்லை. அதனால்தான் பிழையும் இல்லை, பக்கமும் இல்லை. ஆப்பின் அமைப்புக் கோப்பான வெப் எக்ஸ்எம்எல்லில் பதிந்திருந்தால் கிளாஸ் கிடைக்கவில்லை என்றாவது கத்தியிருக்கும்.

கோடை மாற்ற நேரமில்லையென்றால், டாம்கேட்டின் வெப்ஆப்ஸ் ஃபோல்டர் பக்கத்திலேயே ‘வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ’ என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி வாரை அதில் போடுங்கள். டாம்கேட்டே மாற்றி எடுத்துக்கொள்ளும். இன்னொன்று: முகவரியில் வருவது வார் கோப்பின் பெயர்தான். பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினாலும் 404 வரும்.

காசிமேட்டு மீன் விலைப் பட்டியலுக்கு ஒரு சர்வீஸ் எழுதினேன். ‘வஞ்சிரம்’ என்பது வெறும் கேள்விக்குறிகளாக வருகிறது. (ராயபுரம்)

எத்தனை கேள்விக்குறி என்று எண்ணுங்கள். புள்ளியும் ‘சி’யின் இகரக் குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், யூனிகோடில் ‘வஞ்சிரம்’ 8 குறியீடு. எட்டு கேள்விக்குறி வந்தால், தமிழ் தெரியாத என்கோடிங் (எழுத்தை பைட்டாக மாற்றும் முறை) ஒன்றில் ஜாவா அதை எழுத முயன்று தோற்றிருக்கிறது. டேட்டாபேஸிலேயே அப்படிக் கிடந்தால் திரும்பி வராது. மறுபடி டைப் அடிக்க வேண்டியதுதான். கேள்விக்குறிக்குப் பதில் ஐரோப்பிய எழுத்துக் குப்பை வந்தால் நல்ல சகுனம். யூடிஎஃப்-8-இல் சரியாக இருக்கும் 24 பைட்டை யாரோ தப்பாகப் படிக்கிறார்கள், அவ்வளவே.

சர்வ்லெட்டில் பதிலை எழுதித் தரும் ரைட்டரை வாங்கும் முன்பே ரெஸ்பான்ஸின் என்கோடிங்கை யூடிஎஃப்-8 என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் தமிழே இல்லாத ஐஎஸ்ஓ-8859-1; வாங்கிய பின் சொன்னால் காதில் ஏறாது. நிறைய பேர் இந்த வரிசையில்தான் வழுக்குகிறார்கள். அடுத்து, எழுத்தை பைட்டாக்கும் கெட்பைட்ஸ் மெத்தடை வெறுமனே எழுதிய இடங்களைத் தேடிப் பிடித்து என்கோடிங்கைக் குறிப்பிடுங்கள். ஜாவா 18-க்கு முன் அது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் இஷ்டம், அதனால் லினக்ஸில் சரியாக வந்தது விண்டோஸில் கெடும். மைஎஸ்கியூஎல் டேபிள் யூடிஎஃப்8எம்பி4-இல் (மைஎஸ்கியூஎல்லின் முழு யூடிஎஃப்-8) இருக்கிறதா என்றும் பாருங்கள்.

‘கிளாஸ் ஃபைல் வெர்ஷன் 61, 55 வரைதான் ஏற்கும்’ என்றால்? (வண்ணாரப்பேட்டை)

இரண்டு எண்ணிலிருந்தும் 44-ஐக் கழியுங்கள், ஜாவா பதிப்பு வரும். கம்பைல் செய்தது ஜாவா 17, சர்வரில் இருப்பது 11. மேவன் கம்பைலரில் ‘ரிலீஸ்’ 11 என்று போடுங்கள், அல்லது சர்வர் ஜாவாவை ஏற்றுங்கள்.

முகவரியில் 8080 இல்லாமல் வர வேண்டும். (திருவொற்றியூர்)

எண் இல்லாத http முகவரி 80-ஆம் போர்ட்டுக்குப் போகும். லினக்ஸில் 1024-க்குக் கீழான போர்ட்டுக்கு வழக்கமாக ரூட் (நிர்வாகி) அனுமதி வேண்டும். அதற்காக டாம்கேட்டை ரூட்டாக ஓட்டாதீர்கள். முன்னால் எஞ்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வைத்து 8080-க்குத் திருப்புங்கள், 8080-ஐ வெளியிலிருந்து மூடுங்கள். கையோடு, டாம்கேட்டின் சர்வர் எக்ஸ்எம்எல்லில் 8005 என்றிருக்கும் ஷட்டவுன் போர்ட்டை -1 ஆக்கிவிடுங்கள், அந்த வழி மூடிவிடும்.